யானைத் துப்பாக்கியும் அதனைச் சமைத்த கைகளும்

மனிதன் கையாளும் கருவிகளுள் உலைக்களத்தோடு உறவில்லாதவை மிகச் சிலவே. உழவனது கொழுவும், தச்சனது உளியும், வைத்தியனது கத்தியும், போர்வீரனது வாளும் ஒரே துருத்தியின் காற்றில் வளர்ந்தவை. ஆயினும் சரித்திரம் எழுதுவோர் வாளேந்திய அரசனை வருணிப்பரேயன்றி அவ்வாளை அடித்தவனை நினைப்பதில்லை. இக்குறை நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று, மேலைநாட்டிலும் உள்ளதே. சென்ற இரண்டு நூற்றாண்டுகளில் யானை, காட்டெருமை முதலிய பெருவிலங்குகளை வேட்டையாடும்பொருட்டு இங்கிலாந்தில் செய்யப்பட்ட பெருவாய்த் துப்பாக்கிகளின் சரித்திரத்தை நாம் ஈண்டு எடுத்துக்கொண்டது இதனை விளக்கும்பொருட்டேயாம்.

வேட்டையைப் புகழ்வது நம் கருத்தன்று. ஐந்தொழில் மரபினராகிய நமக்கு இத்துப்பாக்கியில் ஒரு தனிச் சுவை உண்டு. இரும்புக்குழலும் விசைப்பூட்டும் கொல்லர் வேலை. கட்டை தச்சர் வேலை. பித்தளைத் தோட்டாக்கூடு கன்னார் வேலையை ஒத்தது. பூட்டுத்தகட்டின் மேலுள்ள சித்திரவெட்டு தட்டார் வேலையை ஒத்தது. கல்லின் பங்கு சாணைக்கல்லோடு முடிகின்றது. ஒரு பொருளில் இத்தனை தொழில்களும் கூடி, ஒன்றில் மயிரிழை பிழைத்தாலும் பிடித்தவன் உயிருக்கே கேடாக முடியும் தன்மை பிற பொருள்களிற் காண்டல் அரிது.

வாயளவு கூறும் முறை

துப்பாக்கியின் வாயளவைப் பழைய ஆங்கிலக் கைவினைஞர் அங்குலத்தாற் கூறவில்லை. ஒரு ராத்தல் ஈயத்தைச் சமமான எத்தனை உருண்டைகளாக வார்த்தால் அவ்வுருண்டை அக்குழலிற் பொருந்துமோ அவ்வெண்ணே அதன் பெயராயிற்று. ஒரு ராத்தலுக்கு 12 உருண்டை கொள்வது பன்னிரண்டாம் வாய். அதன் குறுக்களவு சற்றேறக்குறைய 0.73 அங்குலம். எட்டாம் வாய் 0.835 அங்குலம். நான்காம் வாயோ 1.05 அங்குலம், அதன் குண்டு ஒவ்வொன்றும் கால் ராத்தல் எடை. எண் குறையக் குறைய வாய் பெருகும் என்பதை நேயர்கள் நினைவிற் கொள்க.

இத்துணைப் பெரிய குண்டு வேண்டப்பட்டதற்குக் காரணம் என்னை? அக்காலத்து மருந்து வெடியுப்பும் கரியும் கந்தகமும் சேர்ந்த கருமருந்தே. அதனால் குண்டிற்கு ஊட்டக்கூடிய வேகத்திற்கு ஓர் எல்லை உண்டு. வேகத்தைக் கூட்ட இயலாதவிடத்துக் குண்டின் எடையைக் கூட்டுவதே வழி. அன்றியும், மெல்லிய ஈயம் யானையின் மண்டையெலும்பில் பட்ட மாத்திரத்தில் தட்டையாகிவிடும். ஆதலின் வெள்ளீயம் முதலியன கலந்து ஈயத்தைக் கடினப்படுத்தினர். எடையும் கடினமும் சேர்ந்தாலன்றிக் குண்டு உள்ளே ஊடுருவாது.

பேக்கர் துரை செய்வித்த ரைபிள்

1840-ஆம் ஆண்டில் சாமுவேல் வைட் பேக்கர் என்னும் ஆங்கில இளைஞர், தமக்கு வயது 19 ஆகும்போதே, தாமே வகுத்த திட்டப்படி பிரிஸ்டல் நகரத்துக் கிப்ஸ் என்பவரிடம் ஒரு ரைபிள் செய்வித்தார். பிற்காலத்தில் நைல் நதியின் மூலத்தைத் தேடிச் சென்று, ஆல்பர்ட் ஏரியை 1864-இல் கண்டு புகழ்பெற்ற பேக்கர் இவரே. அத்துப்பாக்கியின் எடை 21 ராத்தல். குழலின் நீளம் 36 அங்குலம். உருண்டைக் குண்டாயின் 3 அவுன்ஸ், கூம்புக் குண்டாயின் 4 அவுன்ஸ். ஒரு வெடிக்குரிய மருந்து 16 டிராம், அஃதாவது முழுமையாக ஓர் அவுன்ஸ்.

இத்திட்டத்தின் நுட்பம் குழலின் உட்புறத்தில் இருந்தது. ரைபிள் என்பது உட்சுவரில் புரிபுரியாகச் செல்லும் வரிப்பள்ளங்களை உடைய குழல். அப்பள்ளங்களைப் பற்றிச் சுழன்றுகொண்டே வெளிப்படுதலால் குண்டு பம்பரம்போல் நிலைபெற்று நேரே செல்லும். ஆனால் பள்ளம் ஆழமின்றி இருந்து மருந்தும் மிகுமாயின், ஈயம் வரியைப் பற்றாமல் வழுக்கிப் பாயும், சுழற்சி போய்விடும். ஆதலால் அந்நாளில் ரைபிளுக்குச் சிறிதளவு மருந்தே இடுதல் வழக்கம். பேக்கர் இதற்கு மாற்று வகுத்தார். குழலில் ஆழமான இரண்டே பள்ளங்கள். குண்டைச் சுற்றி அரைஞாண்போல் ஒரு புடைத்த பட்டை. பட்டை பள்ளத்திற் பொருந்திச் செல்லும். இதனால் எவ்வளவு மருந்து இட்டாலும் குண்டு வழுக்குவதில்லை. பட்டைக் குண்டு முற்றும் புதியதன்று. ஆங்கிலப் படையின் பிரன்ஸ்விக் ரைபிளில் அதற்கு முன்பே வழங்கியதுதான். அதனைப் பெருவாய்க்கும் பெருமருந்துக்கும் பொருத்தியதே பேக்கரது துணிவு.

21 ராத்தல் எடை வீண் சுமையன்று. குண்டு முன்னே பாயும் அளவிற்கு ஏற்பத் துப்பாக்கி பின்னே உதைக்கும். துப்பாக்கி கனமாயின் அவ்வுதை மெல்லிதாகும். இலேசாயின் தோள் முறியும். இதற்கு மறுதலையான உதாரணம் பிரடரிக் செலூஸ் என்னும் வேட்டைக்காரர். இவர் 1870-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் தென்னாப்பிரிக்காவில் வரியில்லாத நான்காம் வாய்த் துப்பாக்கிகளை வழங்கினார். அவை பேக்கரது ரைபிளினும் மிக இலேசானவை. மருந்தோ கைப்பிடியாக அள்ளிக் கொட்டப்பட்டது. 1872 முதல் 1874 வரை அவற்றால் 78 யானைகளை அவர் வீழ்த்தினார். ஆயினும் அவற்றின் உதை தம் நரம்புகளைத் தாக்கி வாழ்நாள் முழுதும் தம் குறிபார்க்கும் திறத்தைக் கெடுத்துவிட்டது என்று அவரே பின்னாளில் வருந்தி எழுதினார். கணக்குப் பாராது செய்த கருவி எய்யப்படுவோனைப் போலவே எய்வோனையும் வருத்தும்.

பேக்கரோ பின்னர் லண்டன் ஹாலந்து என்பாரிடம் அரை ராத்தல் வெடிகுண்டு எறியும் வேறொரு துப்பாக்கியைச் செய்வித்து ஆப்பிரிக்காவிற்குக் கொண்டு சென்றார். அதனைக் ‘குழந்தை’ என விளையாட்டாக அழைத்தார். அராபியப் பணியாளரோ ‘பீரங்கியின் குழந்தை’ என்றனர். அதன் உதைக்கு அஞ்சி அவரே அதனை அரிதாகத்தான் வெடித்தார்.

குழல் சமைத்த விதம்

அக்காலத்துச் சிறந்த குழல்கள் ஒரே துண்டு இரும்பைத் துளைத்துச் செய்யப்பட்டவை அல்ல. இரும்பும் உருக்குமாகிய கம்பிகளை மாறிமாறி அடுக்கி, உலையிற் காய்ச்சி ஒன்றாக அடித்துப் பற்றவைப்பர். அக்கம்பியைச் செந்நிறமாகக் காய்ச்சிக் கயிறுபோல் முறுக்குவர். முறுக்கிய கம்பிகளை இணைத்து நாடாவாக்கி, ஓர் இரும்புக்கோலின்மேல் கொடி சுற்றுவதுபோல் சுற்றி, விளிம்போடு விளிம்பு பொருந்தச் சம்மட்டியால் அடித்து ஒன்றாக்குவர். பின்னர் உள்ளே துளைத்து, வெளியே அராவி, நேர்மை பார்ப்பர். குதிரைலாடத்தின் பழைய ஆணித்துண்டுகளை விலைக்கு வாங்கி, அவை குளம்பிலும் கல்லிலும் அடிபட்டு உரம்பெற்ற இரும்பென மதித்துச் சேர்ப்பதும் உண்டு. முடிந்த குழலைத் துருவேற்றித் துடைத்து மீண்டும் துருவேற்றுவர். அப்போது முறுக்கின் வரிகள் பட்டாடையின் கரைபோல் தோன்றும். இதனை ‘டமாஸ்கஸ்’ குழல் என்றனர்.

ஈண்டு ஒரு பிழைக்கருத்தை விலக்கல் வேண்டும். டமாஸ்கஸ் என்னும் பெயர்கொண்டு, இக்குழல்கள் தென்னாட்டு உருக்கினால் ஆனவை என்று நம்மவருட் சிலர் பெருமையாகக் கூறுவதுண்டு. அது பொருந்தாது. தென்னாட்டு உருக்கு மண்மூசையில் இரும்பையும் கரிப்பொருளையும் இட்டு உருக்கி எடுத்தது. அதன் வரி உள்ளே தானாக அமைவது. ஆங்கிலக் குழலின் வரியோ பல கம்பிகளை முறுக்கிப் பற்றவைத்தமையால் வருவது. தோற்றம் ஒத்தாலும் தொழில் வேறு. நம் முன்னோர் உருக்கின் பெருமைக்கு மெய்யான சான்றுகளே போதும். கொங்குநாட்டுக் கொடுமணலில் அகழ்ந்தெடுத்த பழைய உலைகள் உள்ளன. 1795-இல் ஜார்ஜ் பியர்ஸன் என்னும் விஞ்ஞானி லண்டன் ராயல் சங்கத்தில் நம் நாட்டு உருக்கை ஆராய்ந்து கட்டுரை வாசித்தார். மைக்கேல் பாரடேயும் ஸ்டோடர்ட்டும் 1819 முதற்கொண்டு அதன் இரகசியத்தை அறியப் பாடுபட்டனர். பற்றவைக்கும் திறத்திற்கோ தஞ்சைப் பீரங்கிமேட்டிலுள்ள நாயக்கர் காலப் பெரும் பீரங்கியே சாட்சி. இரும்புப் பட்டைகளை நீளவாக்கில் அடுக்கி, மேலே வளையங்களைக் காய்ச்சி இறுக்கி ஒன்றாக்கிய அதனைச் செய்தவர் பெயரை யார் அறிவார்?

இலங்கையில் நிகழ்ந்தது

பேக்கர் 1846-இல் இலங்கை சேர்ந்து, பின் நுவரெலியாவில் குடியேறி 1855 வரை வாழ்ந்தார். அந்நாளில் அத்தீவில் யானை வேட்டை ஆங்கில அதிகாரிகளின் நாட்பொழுதுபோக்கு. மேஜர் ராஜர்ஸ் என்பவர் ஒருவரே 1,400-க்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றதாகச் சரித்திரம் கூறும். அவர் 1845-இல் ஊவா மலைநாட்டில் இடி விழுந்து மாண்டார். பயிருக்குக் கேடென்று கருதிய அரசாங்கம் கொன்ற யானை ஒவ்வொன்றுக்கும் பரிசு கொடுத்தது. 1848-க்கு முந்திய மூன்று ஆண்டுகளுக்குள் வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500-க்கு மேற்பட்ட யானைகளுக்குப் பரிசு கேட்கப்பட்டதாக எமர்ஸன் டெனன்ட் எழுதியிருக்கின்றார். காப்பித் தோட்டத்திற்குக் காடுகள் அழிந்த காலமும் அதுவே.

நுட்பமான கருவியைச் செய்த கைகளுக்கு இக்கொலைகளிற் பங்குண்டோ என்பது வினா. குழலடித்த பர்மிங்ஹாம் தொழிலாளி யானையைக் கண்டிருக்க மாட்டான். பொருளைச் செய்தவன் அதன் பயனைத் தீர்மானிப்பதில்லை எனலாம். எனினும் தன் கையாற் செய்யப்பட்டது எங்கே செல்கிறது என்று வினவும் உரிமையும் கடமையும் தொழிலாளிக்கு இல்லையென்று நாம் கூறத் துணியோம். இந்நாட்டில் இவ்வெண்ணம் விரைவிலேயே சட்டமாயிற்று. காட்டானைகளைக் கண்டபடி கொல்வதைத் தடுக்கச் சென்னை அரசாங்கம் 1873-இலேயே சட்டம் இயற்றியது. சுதந்தர இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையையே தடுத்துவிட்டது.

புதுமருந்தும் இரட்டைக்குழலும்

19-ஆம் நூற்றாண்டின் முடிவில் புகையில்லா மருந்து தோன்றியது. ‘கார்டைட்’ என்னும் அம்மருந்து 1889-இல் உரிமைப் பதிவு பெற்றது. என்பீல்டு அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலையின் தலைவராயிருந்த ஜான் ரிக்பி, 1898-இல் 0.450 அங்குல வாயுள்ள புதிய தோட்டாவை வெளியிட்டார். அதன் குண்டு 480 கிரெயின் எடை. வேகம் நொடிக்கு ஏறக்குறைய 2,150 அடி. ஒரு ராத்தலுக்கு 7,000 கிரெயின் ஆதலால், பழைய நான்காம் வாய்க் குண்டின் எடை 1,750 கிரெயின். அதில் மூன்றிலொரு பங்கிற்கும் குறைந்த குண்டு, கடினமான உலோக உறை பூண்டு, மிகுந்த வேகத்தாற் பழைய பெருங்குண்டினும் ஆழமாய்ப் பாய்ந்தது. 21 ராத்தல் சுமந்த வேட்டைக்காரன் 11 ராத்தலோடு நடந்தான்.

இத்தோட்டாவுக்கென்று செய்யப்பட்ட இரட்டைக்குழல் ரைபிளே கைவினையின் சிகரம். இரண்டு குழலும் இரண்டு பூட்டும் இருத்தலால், ஒன்று பழுதுபட்டாலும் மற்றொன்று காக்கும். ஆனால் இரு குழலும் ஒரே இடத்தில் குண்டை வீழ்த்தச் செய்வது எளிதன்று. அவற்றை இணையாக வைத்துப் பற்றவைத்தால், வெடிக்கும்போது வலக்குழல் துப்பாக்கியை வலப்புறமும் இடக்குழல் இடப்புறமும் திருப்பும்; குண்டுகள் பிரிந்துபோம். ஆதலால் வாய்ப்புறம் சற்று நெருங்கும்படி குழல்களை அமைத்து, இடையில் ஒரு சிறு ஆப்பு வைத்து ஈயப்பற்றால் இணைப்பர். பின்னர் ஒருவன் இலக்குப்பலகையை நோக்கிச் சுட்டுப் பார்ப்பான். குண்டுகள் பிரிந்தால் பற்றை இளக்கி ஆப்பை மயிரளவு நகர்த்தி மீண்டும் சுடுவான். இங்ஙனம் பலமுறை சுட்டு, இரண்டும் ஓரிடத்திற் கூடும்வரை விடான். இதற்கு நூலுமில்லை, சூத்திரமுமில்லை. கண்ணும் தோளும் பல்லாண்டுப் பழக்கமுமே துணை. ஒரு மருந்தளவுக்கு அமைத்த துப்பாக்கி வேறு அளவுக்குப் பொருந்தாது. நம் நாட்டு வெயிலில் கார்டைட்டின் அழுத்தம் மிகுமாதலின், இந்தியாவிற்கென மருந்து குறைத்த தோட்டாக்களையும் தனியே செய்தனர்.

மற்ற உறுப்புகளும் அவ்வாறே. பூட்டும் குழலும் சேருமிடத்தை விளக்குப்புகையின் கரி பூசிப் பொருத்திப் பார்ப்பர்; கரி ஒட்டிய மேட்டை மட்டும் அரத்தால் தேய்ப்பர்; முழுப்பரப்பும் கரி படும்வரை இவ்வேலை நடக்கும். பூட்டின் இரும்பை எலும்புக்கரி, தோற்கரியோடு பெட்டியில் அடைத்துக் காய்ச்சி நீரில் அமிழ்த்துவர். மேற்புறம் கடினமாகி நீலமும் செம்மையும் கலந்த நிறம்பெறும். கட்டைக்கு அக்ரோட்டு மரமே உரியது. மரத்தின் நரம்பு கைப்பிடியின் வளைவோடு ஒத்து ஓடும் பலகையாகத் தெரிந்தெடுப்பர், இல்லையேல் உதையிற் பிளந்துபோம்.

1907-ஐ ஒட்டி ஆங்கில அரசாங்கம் 0.450 வாயுள்ள துப்பாக்கிகளையும் தோட்டாக்களையும் இந்தியாவிலும் சூடானிலும் இறக்குமதி செய்யலாகாதெனத் தடுத்தது. அரசை எதிர்ப்போர் கையிலிருந்த பழைய மார்ட்டினி ஹென்றி ரைபிள்களுக்கு அக்குண்டுகள் உதவிவிடும் என்ற அச்சமே காரணம். தடையால் தொழில் நிற்கவில்லை. 0.465, 0.470, 0.475 என்று வாயைச் சிறிதே மாற்றிப் புதியன செய்தனர். 1911-இல் ரிக்பி கம்பெனியார் ஜெர்மானிய மாஸர் பூட்டின் நீண்ட வகையில் 0.416 ரைபிளைச் செய்தனர். 410 கிரெயின் குண்டை எறியும் அது இன்றும் உலகில் வழங்குகிறது. நம்மவருக்கோ 1878-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் உரிமச்சீட்டின்றித் துப்பாக்கி வைத்திருப்பதையே குற்றமாக்கியது. ஐரோப்பியருக்கு அத்தடை இல்லை. நம் பட்டறைகளில் துப்பாக்கித் தொழில் வளராமைக்கு அதுவும் ஒரு காரணமாகும்.

வாய் பெரிதோ, அறிவு பெரிதோ

இச்சரித்திரத்தின் முடிவில் ஒரு வியப்பு உண்டு. 1,000-க்கு மேற்பட்ட யானைகளை ஆப்பிரிக்காவில் வீழ்த்திய டபிள்யூ. டி. எம். பெல் என்பவர், அவற்றுட் பெரும்பாலானவற்றை 0.275 என்னும் சிறுவாய் ரைபிளாலேயே வீழ்த்தினார். யானையின் மண்டையோட்டை அறுத்துப் பார்த்து, மூளை எவ்விடத்தில் எவ்வளவு ஆழத்தில் உள்ளது என்பதை அவர் கற்றிருந்தார். கால் ராத்தல் ஈயம் செய்த வேலையை அதில் பத்திலொரு பங்கு எடையுள்ள குண்டு செய்தது. கருவியின் பருமனை உடலறிவு வென்றது. அக்கொலைகளை நாம் மெச்சவில்லை. அறியாமையை எடையால் ஈடுசெய்தல் எல்லாத் தொழிலிலும் உண்டு என்பதையே சுட்டுகின்றோம்.

சங்கத்தார் சிந்திக்க வேண்டுவது

கிப்ஸ், ஹாலந்து, ரிக்பி என்னும் பெயர்கள் துப்பாக்கிமேற் பொறிக்கப்பட்டு உலகறியப் பரவின. அவர்களெல்லாரும் சம்மட்டி பிடித்தவர் அல்லர். ஹாலந்து கம்பெனியை 1835-இல் தொடங்கியவர் முதலிற் புகையிலை வியாபாரி. குழலடித்தவன், பூட்டமைத்தவன் ஆகியோரின் முதலெழுத்துக்கள் குழலின் அடிப்புறத்தில், கட்டையைக் கழற்றினாலன்றிக் காணாத இடத்தில், சிறிதாகப் பதிந்து கிடக்கும். பெயர் மேலே ஒருவருக்கு, கீழே ஒருவருக்கு. ஆயினும் அங்கே கீழாவது ஓர் எழுத்து உண்டு. தஞ்சைப் பீரங்கியைச் சமைத்தவனுக்கு அதுவும் இல்லை.

இதனினும் முக்கியமானது வேறொன்று. லண்டன் துப்பாக்கித் தொழிலாளர் 1637-இல் அரசனிடம் பட்டயம் பெற்று ஒரு சங்கம் அமைத்தனர். அச்சங்கத்தின் தலையாய வேலை விருந்தும் விழாவும் அன்று. உறுப்பினர் செய்த குழலைச் சோதிப்பதே. வழக்கத்தினும் மிகுந்த மருந்தும் குண்டும் இட்டு வெடித்துப் பார்ப்பர். தாங்கினால் முத்திரை, வெடித்துப் பிளந்தாலோ புடைத்தாலோ அக்குழல் தள்ளப்படும். பர்மிங்ஹாமிலும் 1813-இல் சட்டப்படி இத்தகைய சோதனைச்சாலை நிறுவப்பட்டது. இரண்டும் இன்றும் நடைபெறுகின்றன. தன் இனத்தான் செய்ததாயினும் குறையுள்ளதைத் தள்ளும் துணிவு அச்சங்கத்திற்கு இருந்தமையால், அதன் முத்திரையை அயலாரும் நம்பினர். நம்பிக்கை வளர்ந்தவிடத்தில் கூலியும் உயர்ந்தது.

நம் சங்கத்திலும் கல்யாண மண்டபமும் உபகாரச் சம்பளமும் வேண்டியனவே. ஆனால் நம் பட்டறைகளிலிருந்து வெளிவரும் கதவும், விளக்கும், பாத்திரமும், நகையும், விக்கிரகமும் இன்னதரம் உடையவை என்று சொல்ல நமக்கு ஒரு முத்திரை உண்டா? பழுதானதை நம்மவனது வேலையே ஆயினும் தள்ளுவோம் என்னும் உறுதி உண்டா? செய்தவன் பெயரைப் பொருளின் ஒரு மூலையிலாவது பொறிக்கும் வழக்கம் உண்டா? இம்மூன்றும் இல்லாதவரை, வியாபாரி மேலே தன் பெயரை எழுதிக்கொள்வதைக் குறித்து நாம் வருந்துவதிற் பயனில்லை.

ஆதலின், சங்கத்தார் தொழில்தோறும் மூத்த கைவினைஞர் சிலரைச் சேர்த்துச் சோதனைக் குழு ஒன்று அமைப்பாராக. இளைஞர் தம் வேலையைத் தாமே அக்குழுவின்முன் கொணர்ந்து வைப்பாராக. தள்ளப்பட்டது மறுமுறை இன்னும் நன்றாக வரும். தாங்கியது செய்தவன் பெயரோடு உலகிற்குச் செல்லும். உலையில் காய்ச்சாத இரும்பும் சோதனைக்கு நில்லாத தொழிலும் உரம் பெறுவதில்லை.